தம்பியின் கார்

கார்ப் பந்தயம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன், என் தம்பி ஒரு பழைய மாருதி 800 வாங்கும் வரையில்.

1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன், சோழவரம் விமான ஓடுபாதையில்தான் பந்தயம். அப்பா அங்கே பார்த்துவிட்டு வந்து சொன்ன கதைகள் தம்பியின் மண்டையில் ஏறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மண் மைதானத்தில் போட்டி.

"ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் வண்டி சாயாது, அக்கா!" என்றான். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் கெட்டி ஸ்பிரிங் ஏறிற்று.

ஒத்திகையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாஸ்தவம், வண்டி சாயவில்லை, திரும்பவும் இல்லை! ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தும் நேரே போய் டயர் அடுக்கில் முட்டிக்கொண்டது. பெல்ட் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

மெக்கானிக் பெரியவர் சிரித்தார். "முன் சக்கரமே இழுத்து, முன் சக்கரமே திருப்புகிற வண்டி, தம்பி. மேடு பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்காவிட்டால் டயர் துள்ளும். துள்ளுகிற டயர் தரையைப் பிடிக்குமா?"

பழைய ஸ்பிரிங்கே திரும்பி வந்தது. அடுத்து, முன் டயர்களில் இரண்டு பவுண்டு காற்றைக் குறைத்தார்கள். ஒரு சமயத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. நேரம் நோட்டுப் புத்தகத்தில். மூன்றாம் வாரம் அதே வளைவில் வண்டி சாதுவாகத் திரும்பிற்று.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. "மறுபடி உட்காருகிறாயா, அக்கா?" என்றான். உட்கார்ந்தேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!