குறைந்தபட்சத் தொகை

2016ஆம் ஆண்டு, என் இருபத்து மூன்றாம் வயதில், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மாத ஊதியம் 18,000 ரூபாய். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது பெருந்தொகை.

என் அம்மா கொளுந்து பறிப்பவர். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான், பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்ட போனசை மீண்டும் இருபதாக்கக் கோரித் தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து ஒன்பது நாள் போராடினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று நாடெங்கும் பேசப்பட்ட அப்போராட்டத்தில் அம்மாவும் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது விழுக்காடு கிடைத்தது. 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்கும்படியும் கேட்டார்கள், 301தான் ஆயிற்று.

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் நான் வாங்கிய காலணியின் விலை 4,500 ரூபாய். அம்மாவின் பதினைந்து நாள் கூலி அது என்பதை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் ஓர் அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தேன். சித்தூர் வட்டத்தின் அப்பகுதியில் கடைவீதியெங்கும் தமிழே ஒலிக்கும். ஆதலால் ஊர் அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் அறை மிகவும் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில்தான் கைப்பேசியைத் திறப்பேன். முதலில் சட்டை, பிறகு கைக்கடிகாரம், பிறகு காதில் மாட்டும் ஒலிக்கருவி. பொருளைத் தெரிவு செய்யும்போது ஒரு படபடப்பு. பொட்டலம் வரும் நாளில் அலுவல் முடிவதற்குள் மனம் அறைக்கு ஓடிவிடும். பிரித்து ஒருமணி நேரம் ஆனதும் அந்த மகிழ்ச்சி வடிந்துவிடும். மறுநாள் வேறொன்றைத் தேடுவேன். நான்கு கடிகாரங்கள் சேர்ந்தன. இரண்டு சட்டைகள் விலைச்சீட்டுகூட நீக்கப்படாமல் பெட்டிக்குள் கிடந்தன. இத்தகைய அடங்காத வாங்கும் வேட்கையை எமில் கிரெப்பலின் என்னும் ஜெர்மானிய மனநல மருத்துவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். கைப்பேசி வருமுன்னரே இந்த நோய் இருந்தது என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

ஊதியம் போதாதபோது கடன் அட்டை கைகொடுத்தது. ஒரு கடையில் 'வட்டியில்லாத் தவணை' என்று எழுதியிருந்ததை நம்பிக் கைப்பேசி ஒன்றும் வாங்கினேன். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, அது வேறொரு பெயரில் வாடிக்கையாளரிடமே பெறப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. கடைக்காரர் இதைச் சொல்வாரா?

அட்டையின் மாதக் கணக்கில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று மொத்தப் பாக்கி; மற்றொன்று 'குறைந்தபட்சத் தொகை'. பாக்கி 40,000 ரூபாய் ஆனபோது குறைந்தபட்சத் தொகை 2,000தான். அதைக் கட்டிவிட்டால் அபராதம் இல்லை, யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. நானும் கடனை ஒழுங்காக அடைப்பவன் என்று எண்ணிக்கொண்டேன். மாதம் 3.5 விழுக்காடு வட்டி. நாற்பதாயிரத்துக்கு 1,400 ரூபாய். வட்டிக்கு வரி வேறு. நான் கட்டிய இரண்டாயிரத்தில் அசலுக்குச் சென்றது ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு அன்றே வட்டி தொடங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்கார அக்கா மாடு வளர்ப்பவர். முன்பெல்லாம் அவசரத்துக்கு 'பிளேடு'க்காரர்களிடம் வாங்குவார். கொடிய வட்டிக்காரருக்கு அவ்வட்டாரத்தில் வழங்கும் பெயர் அது. 2018இல் பாலக்காட்டில் 'முற்றத்தே முல்லை' என்னும் திட்டம் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கத்தின் பணத்தைக் குடும்பஸ்ரீ பெண்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, 25,000 ரூபாய் வரை, ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் கொடுத்தார்கள். அக்கா அதில் கடன் வாங்கி வாரந்தோறும் கட்டிவந்தார். "உனக்கு எவ்வளவு வட்டி தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். மாதம் மூன்றரை என்றால் ஆண்டுக்கு நாற்பத்திரண்டு. பால் கறந்து விற்பவரைவிட மூன்றரை மடங்கு வட்டியை, ஆங்கிலத்தில் கையொப்பமிடும் நான் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவ்வாண்டு ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. மூணாறு துண்டிக்கப்பட்டது. சில நாள்கள் அம்மாவோடு பேச இயலவில்லை. வழி திறந்ததும் புறப்பட எண்ணினேன். வங்கிக் கணக்கில் 340 ரூபாய் இருந்தது. பேருந்துக் கட்டணத்தை அக்காவிடம் கடன் வாங்கிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகச் சென்றேன். பெரியவாரைப் பாலம் வெள்ளத்தில் உடைந்திருந்தது. நல்லவேளையாக எங்கள் லயம் பாலத்துக்கு மறையூர்ப் பக்கம் இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மாவைக் காண மட்டும் நான் செல்லவில்லை. அவ்வாண்டு இறுதியில் அவருக்குப் பணி ஓய்வு. ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்ற கணக்கில், முப்பத்து மூன்று ஆண்டு உழைப்புக்கு ஏறத்தாழ 1,49,000 ரூபாய் பணிக்கொடை வரும். அதில் ஒரு பகுதியைக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

என் துணிப்பையில் கிடந்த, பிரிக்காத கடித உறைகளை அம்மாவே கண்டெடுத்தார். அவருக்கு எண்கள் நன்றாகத் தெரியும். தம் கூலிச் சீட்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பவர்.

"இந்தக் குறைந்தபட்சம் என்றால் என்ன?"

விளக்கினேன். அம்மா விரல்விட்டு எண்ணினார். "மாத வட்டிக்கு மட்டும் நான் ஐந்து நாள் கொளுந்து எடுக்க வேண்டும்."

சிறிது நேரம் கழித்து, அவருடைய பாட்டியைப் பற்றிச் சொன்னார். திருநெல்வேலிச் சீமையில் கங்காணியிடம் முன்பணம் வாங்கி மலையேறியவர் அவர். முதல் இலையைக் கிள்ளுமுன்பே கடன்காரி. "அவளுக்கு வயிற்றுக்கு இல்லை, வாங்கினாள். உனக்கு என்ன இல்லை?" கோபமின்றித்தான் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இன்றும் முழுமையாகத் தெரியாது.

பணிக்கொடையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவரே சொன்னார்: "வேலை முடிந்தால் இந்த லயத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தப் பணம் போடியில் ஒத்திக்கு ஒரு வீடு பிடிக்க. அதில் கை வைக்கமாட்டேன் தம்பி. ஆனால் கணக்கை எழுது, இருவரும் பார்ப்போம்."

மண்ணெண்ணெய் விளக்கின் அருகில் எழுதினோம். ஊருக்குத் திரும்பியதும் வங்கிக்குச் சென்று, பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணைகளாக மாற்றித்தரக் கேட்டேன். அப்படிக் கேட்கலாம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அட்டையை வெட்டினேன். மூன்று கடிகாரங்களையும் கைப்பேசியையும் விற்றேன். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. முதலில் அக்காவின் பேருந்துக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கடன் முழுதும் தீரப் பதினெட்டு மாதங்கள் ஆயின.

அம்மா இப்போது போடியில் இருக்கிறார். கடன் தீர்ந்ததற்கு வங்கி தந்த கடிதத்தைக் கேட்டு வாங்கித் தம் டப்பாவில் வைத்துக்கொண்டார். நான் இப்போதும் சில இரவுகளில் கைப்பேசியைத் திறந்து பொருள்களைக் கூடையில் இடுகிறேன். பணம் கட்டாமல் உறங்கிவிடுகிறேன். காலையில் அவை வேண்டியிருப்பதில்லை. பெரும்பாலும்.