அடைக்கக் கூடாத துவாரம்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் காற்றும் கரண்ட் மாதிரிதான். அது நின்றால் லைன் நின்றுவிடும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கும், பிறகு வந்த கம்பெனிகளுக்கும் உதிரிபாகம் செய்துதரும் ஷெட்டுகள் சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் முளைத்தன. நட்டு முடுக்குவது, பெயின்ட் அடிப்பது, சிலிண்டரைத் தள்ளுவது என்று பாதி வேலையை 6, 7 கேஜி (சதுர செ.மீ.க்கு 6, 7 கிலோ) அழுத்தத்தில் அடைத்த காற்றுதான் செய்கிறது. மண்ணூரில் அப்படி ஒரு ஷெட்டில் நான் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கம்ப்ரஸ்ஸர் என் பொறுப்பு. ஆனாலும் அடைத்துவைத்த காற்று என்றால் என்ன என்று என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது என் மகனின் பொம்மைத் துப்பாக்கி.

அவன் ஒன்பதாம் வகுப்பு. அவன் மாமா துபாயிலிருந்து வாங்கிவந்தது அந்தத் துப்பாக்கி. கையால் பம்ப் அடித்தால் உள்ளே ஒரு சின்னத் தொட்டியில் காற்று நிறையும். விசையை அழுத்தினால் ஃபோம் டார்ட் பாயும். ஒருநாள் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, “அப்பா, இந்த ஓட்டையை எம்-சீல் வெச்சு அடைச்சுட்டா பவர் ஏறுமாம். அப்புறம் உங்க ஷெட்ல இருக்கிற மாதிரி ஒரு டேங்க் மாட்டிட்டா இன்னும் செமையா போகும்ப்பா” என்றான்.

அந்த ஓட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது சேஃப்டி வால்வு. பம்பை அளவுக்கு மீறி அடித்தால், மிஞ்சிய காற்று அது வழியாக வெளியேறிவிடும். இந்தப் பொம்மைகளை மாற்றி அமைப்பவர்களில் பலர் முதலில் கைவைப்பதே அதில்தான்.

எனக்கும் ஆசை வந்தது. வால்வு, டியூப், கேஜ் எல்லாம் தினமும் என் கையில் புழங்குபவை. ஒரு மாலையில் செய்து முடித்துவிடலாம். ஷெட்டில் என்னைக் கேள்வி கேட்க சேஃப்டி ஆபீசர் இருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. அந்த எண்ணம் வந்தபோதுதான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

டார்ட்டின் விட்டம் 12.7 மி.மீ. அதன் பின்பக்கப் பரப்பு 1.27 சதுர செ.மீ. ஷெட்டில் இருக்கும் 7 கேஜி காற்றை அப்படியே விட்டால் அதன் முதுகில் விழும் தள்ளுவிசை ஏறக்குறைய 9 கிலோ. டார்ட்டின் எடையோ சுமார் 1 கிராம். கடையில் வாங்கியபடி அது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டோம். மாற்றி அமைத்தவர்கள் அதை 60 மீட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். வேகம் மூன்று மடங்கு. ஆற்றல் ஒன்பது மடங்கு. மாற்றி அமைக்காத துப்பாக்கியே கண்ணைக் காயப்படுத்தும்: நெர்ஃப் பொம்மைத் துப்பாக்கியின் டார்ட் பட்டு, கண்ணின் முன்னறையில் ரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை டாக்டர்கள் 2017-இல் எழுதினார்கள். அவர்களில் ஒருவன் 11 வயதுச் சிறுவன்.

அதைவிடப் பெரிய எண் தொட்டியில் இருந்தது. 2 லிட்டர் தொட்டியில் 7 கேஜி காற்றை அடைத்தால் உள்ளே இருப்பது சுமார் 2,000 ஜூல். 20 கிலோ அரிசி மூட்டை மூன்றாவது மாடியிலிருந்து விழுகிற அடி அது. பி.வி.சி. குழாயிலோ பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ அதை அடைத்தால், வெடிக்கும்போது சில்லுகள் நாலாபுறமும் பாயும். பிளாஸ்டிக் சில்லு எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்பதால் உடம்பிலிருந்து எடுப்பதும் கஷ்டம். தொட்டியைச் சோதிக்கும்போது காற்றைத் தவிர்த்து, தண்ணீரை நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் செய்வதற்கும் காரணம் இதுதான். தண்ணீர் அநேகமாகச் சுருங்காது, அதில் ஆற்றல் அதிகம் தேங்காது, தொட்டி விரிசல் விட்டாலும் கசிவோடு போய்விடும். தொழிற்சாலைகள் சட்டம் 1948-இல் 31-ஆவது பிரிவை அழுத்தக் கலன்களுக்கென்றே வைத்தார்கள். சட்டம் வீட்டுக்குள் வந்து கேட்காது. நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“அப்போ வேணாமாப்பா?” என்றான். முகம் வாடிவிட்டது.

செய்தோம். ஆனால் வரிசையை மாற்றினோம். பிரஷர் அளவு முத்திரை குத்திய சின்ன இரும்புத் தொட்டி. அதில் முதலில் மாட்டியது 2 கேஜியில் திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வு. பிறகு தண்ணீர் நிரப்பி டெஸ்ட். பிறகு கேஜ், ரெகுலேட்டர். கடைசியாகத்தான் விசை. ஃபோம் டார்ட்டைத் தவிர வேறெதையும் போடுவதில்லை, இலக்கு அட்டைப்பெட்டி மட்டும்தான், நிற்கிறவர்கள் எல்லாரும் கண்ணாடி போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ரெகுலேட்டரை 1 கேஜியில் வைத்தேன்.

முதல் டார்ட் போனதும், “இவ்ளோதானா?” என்றான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வியை அவனே மறந்துவிட்டான். கை பம்பில் ஒவ்வொரு முறையும் அழுத்தம் கூடும், குறையும். டார்ட்டும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று போகும். ரெகுலேட்டர் ஒரே அழுத்தத்தைத் தந்ததால் டார்ட்டுகள் அட்டையில் கிட்டக்கிட்டப் போய்ப் பட்டன. வேகத்தை விட்டுவிட்டு, எந்த அழுத்தத்தில் எங்கே படுகிறது என்று நோட்டில் குறிக்க ஆரம்பித்தான்.

இத்தனை வருஷ வேலையில் நான் மனப்பாடமாகச் செய்துவந்ததன் அர்த்தம் அன்று எனக்குப் பிடிபட்டது. காற்றை ஏற்றுவது பெரிய காரியமில்லை. கம்ப்ரஸ்ஸர் ஸ்விட்சைப் போட்டால் ஏறும். எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அதைக் கேட்டு நடக்கும்படி இயந்திரத்தை அமைப்பதுதான் தொழில். குறி தப்பாமல் அடிப்பதும் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் வருகிறது.

இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி வேலைக்குப் போகிறோம். நம் பிள்ளைகள் கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறது. அடுத்தது ஏர் டியூபாக இருக்கும். அவர்களைத் திட்டி அனுப்பினால் நமக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் செய்வார்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஷெட்டில் படித்த ஒழுங்கை வாட்ச்மேன் கேட்டோடு விட்டுவிடாதீர்கள். சேஃப்டி வால்வை முதலில் அவர்கள் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.