பின்கோடு பாக்கலியே தம்பி

2003ல நான் வங்கியில சேர்ந்த புதுசு. எந்தப் பின்கோடுக்கு லோன் கொடுக்க யோசிக்கணும்னு எங்க பிராஞ்சுல ஒரு பட்டியல் இருந்துச்சு. 400017, அதாவது நம்ம தாராவி, அதுல உண்டு. பக்கத்துலயே இருக்கிற மாட்டுங்கா, 400019, அதுல இல்லை.

நைன்டி ஃபீட் ரோடு பக்கம் இட்லி வியாபாரம் பண்ற திருநெல்வேலி அக்கா ஒருத்தங்க பெரிய கிரைண்டர் வாங்க லோன் கேட்டு வந்தாங்க. எங்ககிட்ட எட்டு வருஷமா கணக்கு வச்சிருந்தவங்க. அப்ளிகேஷனைத் திருப்பிக் கொடுத்தது நான்தான்.

"என் இட்லிய மாட்டுங்காவுலதான திங்காவ. அப்பம் பின்கோடு பாக்கலியே தம்பி?"

பி.காம். படிச்சவனுக்கு சராசரி போடத் தெரியும். எந்தக் கோட்டுக்குள்ள போட்ட சராசரின்னு கேக்கத் தெரியலை. புவியியல் படிச்சவங்க இதைப் பத்தி எவ்வளவோ எழுதியிருக்காங்கன்னு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுது. 1979ல ஓப்பன்ஷா, டெய்லர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல அயோவா மாநிலத்தோட 99 கவுண்டிகளையும் விதவிதமா ஒட்டிச் சேர்த்துப் பார்த்தாங்க. வயசானவங்க அதிகமா இருக்கிற இடத்துல குடியரசுக் கட்சிக்கு ஓட்டு அதிகமான்னு கேள்வி. ஒரு மாதிரி சேர்த்தா ஆமாம்னு வருது. இன்னொரு மாதிரி சேர்த்தா நேர் எதிரா வருது. ஆளும் அதே ஆள், ஓட்டும் அதே ஓட்டு!

அயோவா எதுக்கு, நம்ம பம்பாயையே எடுத்துக்குங்க. 2020 ஜூலையில மூணு வார்டுல ரத்தம் எடுத்து கொரோனா ஆன்டிபாடி பார்த்தாங்க: மாட்டுங்கா இருக்கிற எஃப் நார்த், செம்பூர் இருக்கிற எம் வெஸ்ட், தஹிசர் பக்கம் ஆர் நார்த். குடிசைப் பகுதியில 57 சதவீதம் பேருக்கு இருந்துச்சு, மத்த கட்டடங்கள்ல 16. பிரிச்சுப் பார்த்ததால தெரிஞ்சுது. வார்டுக்கு ஒரே எண்ணுன்னு போட்டிருந்தா நடுவுல ஏதோ ஒண்ணு வந்திருக்கும். அந்த எண்ணுல யாருமே குடியிருக்கலை.

தாராவி கதை இன்னும் வேடிக்கை. மாநகராட்சிக்கு அது ஜி நார்த். தாதர், மாஹிம், சிவாஜி பார்க் எல்லாம் அதே வார்டு. அவங்களோட சேர்த்துச் சராசரி போட்டா தாராவியும் வசதியாத் தெரியும். மாட்டுங்காவும் செம்பூரும் வேற வேற வார்டு. ஆனா நாடாளுமன்றத் தேர்தல்னா மூணும் மும்பை தென்மத்தியத் தொகுதி. ஓட்டுப் போட ஒரே ஊர், குப்பை அள்ள மூணு ஊர் :-) எங்க பட்டியல்ல மட்டும் தாராவி தனியா நின்னுச்சு.

அக்கா கிரைண்டர் வாங்கிட்டாங்க, ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட வட்டிக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தச் சிட்டை நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில வச்சாங்க. ஒரு தவணைகூடத் தப்பலை. ஆனா அது வட்டிக்காரர் நோட்டு. 400017 கணக்குல அதை நான் எங்க கொண்டுபோய் எழுத?