சோற்று அலமாரியில் பாட்டுத் தட்டுகள்

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியிலோ பரண்மேலோ பழைய இசைத்தட்டுகள் கிடக்கின்றனவா? தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்தபோது சட்டி பானையோடு மூட்டைகட்டிக் கொண்டுவந்து, பிறகு யாரும் பிரிக்காமலே போட்டுவைத்த பெட்டி ஏதும் உண்டா? உண்டென்றால், அன்பு வாசகர்களே, இந்த வாரமே அதைத் திறந்து பாருங்கள். இசைத்தட்டு பாடித் தேய்வதைவிட, பாடாமல் கிடந்து பாழாவதுதான் நம் வீடுகளில் அதிகம்.

என் அப்பா கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டார், சீட்டாடமாட்டார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பாட்டுத் தட்டு. சம்பள வாரம் வந்தால் கிள்ளானுக்கு பஸ் ஏறுவார். சாயங்காலம் திரும்பும்போது சைக்கிள் பின்கட்டையில் மளிகைச் சாமான் இருக்கும். தட்டு மட்டும் சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு அணைத்தபடி இருக்கும். அம்மா இரண்டு நாள் பேசமாட்டார். மூன்றாம் நாள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அரிசி களைவார்.

அப்பா போய்ப் பல வருடமாகிறது. தட்டுகள் தம்பி வீட்டில் ஒரு பழைய பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை வசத்தில் கிடந்தன. “பழைய சாமான்காரன் மொத்தமாகக் கேட்கிறான், கொடுத்துவிடலாமா அக்கா?” என்று தம்பி கேட்டான். அவனைக் குறை சொல்வதற்கில்லை, அவன் வீட்டில் நிற்கவே இடமில்லை. அம்மாவுக்கு வயது 84. என்னோடு இருக்கிறார். செய்தி காதில் விழுந்ததும் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, “அந்தத் தீமிதித் தட்டு அதிலதான் இருக்கு பாப்பா” என்றார். அவ்வளவுதான். மறுநாள் வாடகை வேன் பிடித்துப் போய் எல்லாவற்றையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எண்ணிப் பார்த்தேன். அரக்குத் தட்டு 38, எல்.பி. 96, ஈ.பி. 110. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: அரக்குத் தட்டு என்பது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுவது; பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடப் பாட்டு; கீழே விழுந்தால் பீங்கான்போல உடையும். எல்.பி. 1948இல் அமெரிக்காவில் வந்தது. மேல்நாடுகளில் 1960 வாக்கில் அரக்குத் தட்டு ஓய்ந்துவிட்டது. இந்தியாவிலோ 1960களிலும் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் நமக்கு ஒரு நன்மை இருந்தது. தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடுவது இரவில் சில மணி நேரந்தான். அரக்குத் தட்டுக்குச் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி போதும், கரண்டே வேண்டாம். கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் பிறந்த தட்டு, கப்பலேறி வந்து நம் லயத்துத் திண்ணையில் கே.பி. சுந்தராம்பாளின் குரலைக் கேட்கவைத்தது இப்படித்தான்.

பெட்டியைத் திறந்ததும் பூஞ்சணத்தின் வாடை அடித்தது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அடியில் கிடந்த அரக்குத் தட்டு இரண்டு மேல் பாரம் தாங்காமல் விரிசல் விட்டிருந்தன. பிளாஸ்டிக் தட்டுக்குப் பூஞ்சணத்தால் பெரிய சேதமில்லை; அட்டையையும் உள்தாளையும்தான் அது தின்னும். பின்பு அங்கிருந்து தட்டின் வரிக்குள் ஏறும். அட்டைகளை நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டினேன். வெயில் மட்டும் ஆகாது, தட்டு நெளிந்துபோகும். எல்.பி., ஈ.பி.களை இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு, நடுவிலுள்ள லேபிள் நனையாமல் கழுவி, தட்டு கவிழ்க்கும் ரேக்கில் நிறுத்திக் காயவைத்தேன். அரக்குத் தட்டை அப்படி ஊறவிடக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். முக்கியமாக, அதன்மேல் ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்!

இனி எங்கே வைப்பது? கடைத்தெருவில் ஒரு தளவாடக் கடையில் கேட்டேன். இசைத்தட்டு அலமாரி என்றதும் கடைக்காரர் 900 வெள்ளி என்றார். கண்ணாடிக் கதவு, பளபளப்பு, பின்பக்கம் முழுக்க மூடிய பலகை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அப்படி மூடிய பெட்டிக்குள் காகிதத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் தம்பி வீட்டுப் பெட்டி காட்டிவிட்டதே.

வீட்டுப் பின்கட்டில் அம்மாவின் சோற்று அலமாரி சும்மா நின்றது. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும்: நான்கு கால், மரச் சட்டம், மூன்று பக்கமும் கம்பி வலை, வலைக் கதவு. எறும்பு ஏறாமலிருக்க கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவோமே, அதுதான். ஐஸ்பெட்டி வந்தபின் அதற்கு வேலை போய்விட்டது. நன்றாக யோசித்துப் பார்த்தால், சோறு ஊசிப்போகாமலிருக்க என்ன தேவையோ அதேதான் தட்டுக்கும் தேவை: காற்றோட்டம், தரையைத் தொடாத கால், பூச்சி ஏறாத வழி.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் அலமாரி இரண்டரை அடி அகலம், 15 அங்குல ஆழம், மூன்றரை அடி உயரம். பழைய தட்டுப் பலகைகளைக் கழற்றிவிட்டு, எல்.பி.க்கு உள்ளுயரம் 13½ அங்குலம், அரக்குத் தட்டுக்கு 11, ஈ.பி.க்கு 8 என்று மூன்று அடுக்கு வைத்தேன். 12 அங்குல அரக்குத் தட்டு ஏதும் இருந்தால் அதை எல்.பி. அடுக்கில் சேர்த்துவிடுங்கள். கனத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஓர் எல்.பி. அட்டையோடு கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு; 96 எல்.பி. என்றால் 22 கிலோ, ஒரு பெரிய அரிசி மூட்டை! குழம்புச் சட்டிக்காக அடித்த பலகை அதைத் தாங்காது. அதனால் கீழ் அடுக்குக்கு அடியில் குறுக்குச் சட்டம் இரண்டு கொடுத்தேன்.

பலகைக்கு ரப்பர் மரமே வாங்கினேன். தளவாடப் பட்டறையில் மிச்சம் வெட்டிப்போட்ட துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. அப்பா காலத்தில் பால் வற்றிய கித்தா மரம் புகைக்கூண்டுக்கு விறகாகத்தான் போகும். 1980களில்தான் அது தளவாட மரமாக மதிப்புப் பெற்றது. இன்று மூவார் பட்டறைகளிலிருந்து கப்பலேறிப் போகிறது. ஆனால் தோட்டத்தில் விழுந்த மரத்தை அப்படியே அறுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மருந்தேற்றாத கித்தாப் பலகையை வண்டு துளைத்து மாவாக்கிவிடும். பட்டறைப் பலகை மருந்தேற்றியது. பேரன் ரம்பம் பிடித்தான், நான் உப்புத்தாள் போட்டேன். பலகையைத் தடவிப் பார்த்த அம்மா, “இது நம்ம மரமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்லா வழவழன்னு வந்திருக்கே” என்று கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

தட்டுகளை நேராக நிறுத்த வேண்டும். சாய்ந்து நின்றால் மாதக்கணக்கில் வளைந்துவிடும். இறுக்கி அடைத்தால் உருவும்போது அட்டை கிழியும். ஐந்து அங்குலத்துக்கு ஒரு தடுப்புப் பலகை நிறுத்தினால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. வலைக்கு உட்புறம் அம்மாவின் பழைய கைலியைத் திரையாகத் தைத்துப் போட்டேன், தூசி தங்காது. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலக் கட்டை கொடுத்துத் தள்ளி நிறுத்தி, சாய்ந்துவிடாதபடி எல் வடிவ இரும்பால் சுவரில் பிணைத்தேன். கால்களுக்குப் பால் டின் வைத்தேன், ஆனால் தண்ணீர் ஊற்றவில்லை. தண்ணீர் வைத்தால் ஏடிஸ் கொசு வளர்த்ததற்கு அபராதம் கட்ட வேண்டிவரும்! மோட்டார்சைக்கிளிலிருந்து எடுத்த பழைய கறுப்பெண்ணெயே போதும். ஈரம் போக உள்ளே பல்பு எரியவிடுவோர் உண்டு; சூடு தட்டுக்கு ஆகாது, வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம், அட்டையில் ஏறிய வாடை பிறகு போகாது.

ஆணி, திருகாணி, பலகை, வார்னிஷ் எல்லாம் சேர்த்து 118 வெள்ளி ஆயிற்று. வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

மரவேலை சுலபம். அடுக்குவதுதான் பெரிய யோசனையாகிவிட்டது. பாடகர் பெயர் வரிசையில் வைக்கலாம் என்றான் பேரன். அவனுக்கு அது சரி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே! படம் போட்ட எல்.பி. அட்டை என்றால் அடையாளம் காண்பார். அரக்குத் தட்டு எல்லாம் ஒரே மாதிரி பழுப்புத்தாள் உறையில் அல்லவா இருக்கிறது? தன் வீட்டுப் பாட்டை எடுக்க அவர் ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று எனக்கு மனம் வரவில்லை. அதனால் அம்மாவையே பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, “இது என்ன தட்டு?” என்று கேட்டேன்.

அவர் சொன்னதில் பாடகர் பெயரே வரவில்லை. சீர்காழி பாடியது தீமிதித் தட்டு, மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் முதலில் போடுவது. எம்.எஸ். அம்மாவின் 1963ஆம் ஆண்டு சுப்ரபாத எல்.பி. ‘பிரட்டுத் தட்டு’, விடியுமுன் பிரட்டுக்குக் கிளம்பும்போது கிராணியார் வீட்டில் கேட்குமாம், அதைக் கேட்டே அப்பாவும் வாங்கினாராம். ‘திருவிளையாடல்’ கதை வசனத் தட்டு மழைத் தட்டு: மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, லயமே எங்கள் வாசலில் கூடிவிடும். பி. சுசீலாவின் ஈ.பி. ஒன்று ‘கோபத் தட்டு’. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார், சொல்லவில்லை.

பேரன் அந்தப்படியே தடுப்புப் பலகைகளின் தலையில் படம் வரைந்து ஒட்டினான். தீமிதிக்கு நெருப்பு, மழைக்குக் குடை, பிரட்டுக்கு மணி, தீபாவளிக்கு விளக்கு, எங்களைத் தூங்கவைத்த பாட்டுகளுக்குத் தொட்டில். அரக்குத் தட்டுகளை நடு அடுக்கில் வைத்தோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் எட்டும் உயரம் அது. கனமான எல்.பி.கள் கீழே இருப்பதால் அலமாரி ஆடாமலும் நிற்கிறது.

ஏழு ஈ.பி.க்களை அவர் எந்தப் படத்துக்குப் பின்னாலும் வைக்கவிடவில்லை. கோடியில் ஒரு தடுப்பு வெறுமையாக நின்றது. அதற்குப் பின்னால் தாமே வைத்தார். “இதுக்குப் படம் வேணாம்” என்றார். என் அண்ணன் பதினாறு வயதில் இறந்தது 1974இல். அவன் கடைசியாக வாங்கிவரச் சொன்ன தட்டுகள் அவை என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

உள்தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. பூஞ்சணம் பிடித்த பழைய தாளை எறிந்துவிட்டுப் புதிது போடுவதுதான் தட்டுக்கு நல்லது, நான் மறுக்கவில்லை. செய்தித்தாள் சுற்றாதீர்கள், ஒட்டிக்கொள்ளும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். ஆனால் எறியுமுன் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அப்பா பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: எந்த மாதம் வாங்கியது, அந்த மாதம் எத்தனை நாள் மழை, வீட்டில் யாருக்கு என்ன நோவு. 1967 பங்குனித் தாளில், ‘இவளுக்குத் தெரியாமல் வாங்கியது’ என்று இருந்தது. அத்தனை வருடம் அம்மா அந்தத் தாளைத் தொட்டுத் தொட்டு எடுத்திருக்கிறார், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே. படித்துக் காட்டினேன். “தெரியாமலா? சட்டைக்குள்ள இருந்ததை நான் பார்க்கலைன்னு நெனச்சாராக்கும்!” என்றார்.

அந்தத் தாள்களை நன்றாக உலர்த்தி, தட்டுகளோடு சேர்க்காமல் தனியே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன். சாயங்காலம் தட்டு ஓடும்போது டின் திறக்கப்படுகிறது. அம்மா தட்டைத் தேர்ந்தெடுக்கிறார், நான் அதற்குரிய தாளைத் தேடிப் படிக்கிறேன். இன்னும் பாதிக்கு மேல் படிக்க இருக்கிறது.