கயிறு இல்லாத வண்டி

2025 மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் உணவகத்தின் பின்கதவடியில் ஒரு புதிய ஸ்னோமொபைல் வந்து இறங்கியது. விற்பவர் ஒருநாள் ஓடிப்பார்க்கத் தந்திருந்தார். முதலாளி எங்களிடம் ஒன்றைத்தான் கேட்டார்: "இதை நம்பலாமா?"

சமையலறையில் நாங்கள் இரண்டு பேர். மொன்றியலுக்கு வடக்கே, லபெல்லுக்கும் அப்பால், ஒரு ஏரிக்கரையில் வேலை. சூப்புக்கு உப்புக் காணுமா என்பதற்கு மேல் இந்த நாட்டில் எங்கள் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டதற்குக் காரணம் இருந்தது. முதலாளியின் தகப்பனார் ஏரிக்கு அக்கரையில் தனியே இருக்கிறார். இருதய வருத்தக்காரர். ஊருக்குள் வந்து இருங்கள் என்றால் கேட்கமாட்டார். பனிக்காலத்தில் அவர் வீட்டுப் பாதையில் பனி வழிப்பதில்லை. சாப்பாடும் மருந்தும் கொண்டுபோவது எங்கள் பொறுப்பு. பழைய வண்டி முந்திய வருடம் ஓர் இரவில் ஏரி நடுவே நின்றுவிட்டது. குளிர் மைனஸ் 24 பாகை. மூன்று கிலோமீற்றர் நடந்தோம். எங்களில் ஒருவருக்கு இடது கால் பெருவிரலில் இன்றைக்கும் உணர்ச்சி குறைவு.

இந்த வண்டியின் பூர்வீகமும் இப்படியானதுதான். கியூபெக்கின் வல்கூரில் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே என்றொரு மெக்கானிக் இருந்தார். 1934 பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் வருத்தத்தில் இறந்துபோனான். பாதையெல்லாம் பனி மூடிக்கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பனியில் ஓடும் வண்டிக்காக அதற்கு முன்பிருந்தே மினக்கெட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். பற்சக்கரமும் இறப்பர் பட்டியும் சேர்ந்த அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். முதலில் வந்தவை ஏழு பேர், பன்னிரண்டு பேர் ஏறும் பெரிய வண்டிகள். சிறிய ஸ்கி-டூ 1959இல்தான் வந்தது. இப்போது இதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். பாதை மூடியதால் பிள்ளை செத்த கதையை எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வண்டியைக் கொட்டிலுக்குள் விடவேண்டாம், இரவு முழுக்க வெளியிலேயே நிற்கட்டும் என்று முதலாளியிடம் சொன்னோம். சூடாக நிற்கும் எஞ்சின் எல்லாருக்கும் நல்லபிள்ளைதான். ஞாயிறு விடிய மைனஸ் 26 பாகை. பொத்தானை அழுத்தினோம். ஒருதரம் உறுமித் தயங்கியது. இரண்டாம் முறை பற்றிக்கொண்டது. பழையது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், எண்ணெய்ப் புகையைக் கக்கும். இது நான்கு ஸ்ட்ரோக். புகையில்லை, சத்தமும் குறைவு. இருவரும் தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றோம். யாரும் சொல்லித்தந்த பழக்கமல்ல. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் இரண்டு சொட்டுப் பெற்றோலில் பற்றி மண்ணெண்ணெயில் ஓடின. எங்கள் தகப்பன்மார் காதால்தான் எஞ்சின் பார்த்தார்கள். இரவில் கிளாலியில் படகு ஏறியவர்களுக்கு, நடுக்கடலில் மோட்டார் ஒருக்கால் இருமினால் எப்படியிருக்கும் என்று தெரியும்.

இரவில் பனியோடு ஒட்டியிருந்த ஸ்கிகளை ஆட்டி விடுவித்தோம். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் வாரைச் சட்டையில் கொழுவிக்கொண்டோம். பழைய ரயில் பாதையில் நாற்பது கிலோமீற்றர் ஓடினோம். சட்டம் எழுபது வரை விடுகிறது. புது எஞ்சினை முறுக்கக்கூடாதென்று நாங்கள் ஐம்பதைத் தாண்டவில்லை. பிரேக் பிடித்தது. மேடு பள்ளத்தில் முதுகு முறியவில்லை. பிறகு நிறுத்தி, மூடியைத் திறந்து பெல்ற்றைத் தொட்டுப் பார்த்தோம். எஞ்சினின் பலம் முழுவதும் இரண்டு கிளச்சுகளுக்கு இடையே ஓடும் இந்த ஒரு பெல்ற்றால்தான் பட்டிக்குப் போகிறது. கை வைக்கமுடியாத சூடென்றால் ஏதோ கோணலாக இருக்கிறதென்று அர்த்தம். இளஞ்சூடுதான். சந்தோஷப்பட்டோம்.

பிறகு சூப்பையும் மருந்தையும் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினோம். காற்று பனியை அடித்துக்கொண்டுபோய் நடுஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. பத்து நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் கொதிக்கிறது. நிறுத்தினோம். அந்த அமைதியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இதிலே இழுத்து ஸ்ராட் பண்ணக் கயிறு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பழையதில் கயிறு இருந்தது. இதில் பொத்தான் மட்டும். பற்றரி கைவிட்டால் கதை முடிந்தது.

"நடப்பமோ?"

"பொறுங்கோ அண்ணை. யோசிப்பம்."

யோசித்தபோது குற்றம் வண்டியில் இல்லையென்று தெரிந்தது. இதற்குக் காரில் இருப்பதுபோல முன்பக்கம் ரேடியேற்றர் கிடையாது. பட்டி சுழன்று வாரியடிக்கும் பனி, மேலேயுள்ள தகடுகளில் பட்டுத்தான் தண்ணீரைக் குளிர்த்துகிறது. வெறும் ஐஸில் எதை வாரியடிக்கும்? அதற்காகவே ஐஸைச் சுரண்டித் தூளாக்கும் இரண்டு கம்பிச் சுருள்கள் பக்கத்தில் மடித்துவைக்கப்பட்டிருந்தன. நாங்கள்தான் இறக்கிவிடவில்லை. ஆறவிட்டு, கம்பிகளை இறக்கி, பொத்தானை அழுத்தினோம். பற்றிக்கொண்டது. கொஞ்சத் தூரத்தில் விளக்கு எரியாமல் ஓடினோம்.

பெரியவர் வீட்டுச் செருப்போடு வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "கயிறு எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றோம். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பனியில் நடக்கும் பழைய மரச்சட்டக் காலணிகள் இரண்டு சோடி கொண்டுவந்து ஆசனத்துக்குப் பின்னால் தானே கட்டிவிட்டார். அதன் பிறகுதான் சூப்பை வாங்கினார்.

பின்னேரம் முதலாளிக்கு எங்கள் சமையலறைப் பிரெஞ்சில் கணக்குச் சொன்னோம். குளிரில் எழும்புகிறது, பெல்ற் சரி, பிரேக் சரி. கொதித்தது எங்கள் அறியாமை. பெயரை மட்டும் பார்த்து வாங்கவேண்டாம். நம்பிக்கைக்குப் பெயரெடுத்த யமஹாவே 1968இல் தொடங்கிய இந்தத் தொழிலை வட அமெரிக்காவில் 2025 மாதிரியோடு நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. உதிரிப்பாகம் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். பற்றரி எப்போதும் சார்ஜில் இருக்கவேண்டும். மாற்றுப் பெல்ற் வேண்டும். ஆற்றுத் தண்ணீர் ஏரியில் விழும் இடத்தில் ஐஸ் மெல்லியது, அந்தப் பக்கம் போகமாட்டோம்.

"ஓமா, இல்லையா?" என்றார்.

"ஓம். ஆனால் இரவில் தனியே ஒருவரை அனுப்பக்கூடாது. இரண்டு பேர் போகவேண்டும்."

"அப்படியென்றால் இரண்டு சம்பளம்."

"ஓம்" என்றோம். இந்த நாட்டுக்கு வந்து ஒரு முதலாளியிடம் நாங்கள் நிபந்தனை வைத்தது அதுதான் முதல்தடவை. அடுப்பில் வெங்காயம் தீயத் தொடங்கியது. ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவர் தலையாட்டினார்.

வண்டி இப்போது எங்களோடுதான் நிற்கிறது. ஒருநாள் ஓட்டத்தில் அது எழும்புமா, நிற்குமா என்றுதான் சொல்லமுடிந்தது. நம்பலாமா என்று சொல்ல ஒரு முழுப் பனிக்காலம் வேண்டும். பெரியவர் கட்டிய காலணிகளை நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை.