வால்பாறையில் ஓர் இரவு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாற்றுக்கு மேல் 40 கொண்டையூசி வளைவுகள். ஓர் அன்பரின் நல்லடக்கத்திற்காகச் சென்ற நான், கொட்டும் மழையில் இறங்கியபோது இரவு மணி பத்து. அந்நேரத்தில் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டக் கூச்சம். பேருந்து நிலையத்தருகே ஓர் எளிய விடுதிக்குச் சென்றேன்.

"கடைசி ரூமுங்க சாமி" என்றார் விடுதிக்காரர். ஈரங்கசியும் சுவர், ஒரே கம்பளி, காலையில் ஒரு வாளி வெந்நீர். போதும் என்று படுத்தேன்.

கதவு தட்டப்பட்டது. ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்த இளந்தம்பதியர், மனைவிக்குக் கடுங்காய்ச்சல், விடிந்ததும் பொள்ளாச்சி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். விடுதிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். அன்பர்களே, நான் தயங்கினேன். பெத்லகேமில் இடங்கொடாத சத்திரக்காரனை ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு மறையுரையில் கடிந்துகொண்டவன் நான்! (அவனும் என்னைப்போல் களைத்திருந்தானோ என்னவோ.)

அறையை அவர்களுக்கு விட்டுக் கீழே மரப்பலகையில் அமர்ந்தேன். செபமாலை இரண்டாம் தேவஇரகசியத்தைத் தாண்டவில்லை. குளிரும் முணுமுணுப்புந்தான் மிகுதி.

விடியலில் கணவன் வாடகையில் பாதியை நீட்டினான். மறுத்தேன். அவன் முகம் வாடிற்று. வாங்கிக்கொண்டேன்.