இரவல் பிரதி

மின்நூல் அச்சுநூலின் இடத்தைப் பிடிக்குமா என்ற விவாதத்தில் காகித வாசனையைக் கொண்டுவருபவர்களோடு எனக்கு ஒட்டுதல் இல்லை. நம் பதிப்புகளின் காகிதம் பெரும்பாலும் வாசனையை வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ளும்படியானதுமல்ல. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'வின் பழைய இதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது; தொட்டால் ஓரம் உதிர்கிறது. அதை ஸ்கேன் செய்து திரையில்தான் படிக்கிறேன். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை இலவசமாகத் தருகிறது. எடுத்தவன் அடுத்தவனுக்குக் கொடுக்கலாம், தடையில்லை.

பிரச்னை, கடையில் வாங்கும் மின்நூலில்தான். 2009இல் அமேசான், உரிமையற்றவர் விற்ற பதிப்புகள் என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே ஆர்வெல்லின் இரு நாவல்களை அழித்தது. ஒன்று '1984'. (அங்கதத்தைத் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை.) 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியதும் விற்ற நூல்கள் திறக்கவில்லை. இரண்டு முறையும் பணம் திரும்பி வந்தது. விற்கப்பட்டது நூலல்ல, படிப்பதற்கான அனுமதி.

சாதாரண வாசகன் படிப்பதில் பெரும்பகுதி இரவல். நான் படித்த முக்கியமானவை அப்படி வந்தவைதான்: முதல் பக்கத்தில் ஒருவர் பெயர், உள்ளே இன்னொருவரின் பென்சில் கோடு. முகம் தெரியாத அந்தக் கோடுகளோடு சண்டை போட்டுத்தான் விமர்சனம் என்கிற காரியத்துக்கே வந்து சேர்ந்தேன். கடை மின்நூலை நண்பனுக்குக் கொடுக்க வேண்டுமானால் கருவியையே கழற்றிக் கொடுக்க வேண்டும்.

இரவல் போனது திரும்பாது, வாஸ்தவம். என் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' இப்போது எத்தனையாவது கையில் இருக்கிறதோ.